முப்பதாயிரம் வெற்றுக்கூடுகள்

பிப்ரவரி 15, ஞாயிறு

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. இன்றுதான் இவருக்கு என் வேலை என்ன என்று கேட்கத் தோன்றியிருக்கிறது! நான் அடக்கவிலைப் பிரிவு, இவர் விற்பனை. "நம்ம வீடியோ கேம் பெட்டி ஒண்ணு செய்ய எவ்வளவுடி ஆகுது?" என்றார். நூறு ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொண்டால், செய்ய நூற்று முப்பது ஆகிறது என்றேன். குடித்த டீ புரையேறிவிட்டது. "அப்போ நான் விக்கிற ஒவ்வொண்ணும் நஷ்டமா?" ஆமாம். பெட்டி வாங்குகிறவன் வருஷத்துக்கு நாலு கேம் வாங்குவான், இன்னொரு கன்ட்ரோலர் வாங்குவான். அதில்தான் நமக்குச் சம்பளம். மனிதர் நம்பவில்லை. பாகம் பாகமாக விலை போட்ட தாளை எடுத்துக் கொடுத்தேன். வாயைப் பிளந்துகொண்டு படித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

முப்பதாயிரம் பெட்டி! ஒரே ஆள்! தங்கும் விடுதிகள் நடத்துகிறாராம், அறைக்கு ஒன்று வைக்கப்போகிறாராம். எம்.டி. இவர் தோளில் தட்டினாராம். அதை மட்டும் நாலு தடவை சொல்லிவிட்டார், தலைகால் புரியவில்லை. "கேம் எத்தனை எடுத்தாங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் வாங்குவாங்க. உனக்கு எதுலயும் ஒரு நொட்டை சொல்லணும்." சரி சாமி.

ஏப்ரல் 20, திங்கள்

அதே ஆள் இன்னும் அறுபதாயிரம் கேட்கிறார். இவருக்குப் பதவி உயர்வு உறுதி.

மே 12, செவ்வாய்

எங்கள் பெட்டியை முதல்தடவை இணையத்தில் இணைத்தால் எங்களுக்குத் தகவல் வந்துவிடும். அந்த முப்பதாயிரத்தில் எத்தனை வந்திருக்கிறது என்று சும்மாதான் பார்த்தேன். ரெண்டு. ரெண்டே ரெண்டு! தப்பாகப் பார்க்கிறேனோ என்று மூன்று தடவை தேடினேன்.

மே 13, புதன்

பழுதுபார்க்கும் பிரிவு மெக்கானிக் காலையில் கூப்பிட்டார். "அக்கா, பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் கொட்டகையில நம்ம பெட்டியா குவிஞ்சு கிடக்கு. நீங்களே வந்து பாருங்க."

மதியம் போனேன். கடவுளே! கூரை வரைக்கும் எங்கள் பெட்டிகள். ஒன்றைத் தூக்கினேன், கனமே இல்லை. உள்ளே சிப்பெல்லாம் பதித்த போர்டைக் காணோம். அடுத்தது, அதுவும் வெற்றுக்கூடு. கன்ட்ரோலர்களை உறைகூடப் பிரிக்காமல் சாக்கில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். விடுதியாவது மண்ணாங்கட்டியாவது! சந்தையில் சிப்புக்குத் தட்டுப்பாடு. எங்கள் பெட்டியின் விலையைவிட உள்ளே இருக்கும் சிப்பும் மெமரியும் விலை கூடுதல். அந்த விடுதிக்காரன் அதைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்திருக்கிறான். திருட்டு ஒன்றும் இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினான். நாங்கள்தான் நூற்றுக்கு முப்பது கைக்காசு வைத்து அனுப்பியிருக்கிறோம். கேம் ஒன்றுகூடப் போகாது.

சரி, எந்தப் பாகம் எவ்வளவு பெறும் என்று அவனுக்கு யார் சொன்னது?

இவர் வந்ததும் கேட்டேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "விலை ஜாஸ்தின்னான். உள்ள இருக்கிறதே இதைவிடக் கூட பெறும் சார், பாருங்கன்னு... நீ குடுத்த தாளைக் காட்டினேன்."

அடப்பாவி மனுஷா! சரக்கை விக்க யாராவது அடக்கவிலையைக் காட்டுவாங்களா? எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? கொடுத்தவளே நான்தானே! வெள்ளிக்கிழமை அறுபதாயிரமும் லாரி ஏறுகிறது. சொன்னால் இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த நஷ்டத்தில் அடுத்த மாடலே வராது, அசெம்பிளி லைனில் நிற்கிற அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். "ஒரு ரெண்டு நாள் சும்மா இரேன்" என்றார் இவர். ஐயோ, இவரா இப்படிக் கேட்கிறார்? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மே 14, வியாழன்

சொல்லிவிட்டேன். எம்.டி.யிடம் சொல்லப்போகிறேன் என்று இவரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் போனேன். லாரிகளை நிறுத்திவிட்டார்கள்.

மே 18, திங்கள்

விசாரணை. "தாள் எப்படி வெளிய போச்சு?" என்றார் எம்.டி. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "இவ பையிலிருந்து நான்தான் எடுத்தேன் சார். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

என்ன? — என்ன சொல்கிறார்? என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வீட்டில் ஒரு பொய்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியாத மனிதர்! இவருக்கு இன்றோடு வேலை முடிந்தது.

மே 19, செவ்வாய்

போய், கொடுத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எம்.டி. முகத்தில் ஈயாடவில்லை.

மே 26, செவ்வாய்

காலை பத்தரை. ரெண்டு பேரும் வீட்டில்.

"ஒருத்தர் சம்பளமாவது மிஞ்சட்டும்னுதானே அப்படிச் சொன்னேன்? நீ எதுக்குடி வாயைத் திறந்தே?" என்றார். கணக்குப்படி அவர் சொல்வதுதான் சரி. அதற்காக விட்டுவிடுவேனா? "நீங்க எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி பொய் சொன்னீங்க?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

லைன் ஓடுகிறது என்று மெக்கானிக் போனில் சொன்னார். அது போதும்.

வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். என்னுடையதை முடித்துவிட்டு அவருடையதையும் எழுதினேன். 'ஒரே வாடிக்கையாளரிடம் முப்பதாயிரம் பெட்டிகள் விற்றவர்' என்று போட்டேன். பொய்யில்லையே.