ஷட்டர் வைத்த டி.வி.

2003 பிப்ரவரி 11, செவ்வாய்

இவருக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு முப்பத்தேழு நாள். கை அசைகிறது. கண் நம்மைத் தொடர்கிறது. பேச்சுதான் ஒரு சொல்கூட இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு வரும் வங்காளிப் பெண் ரூபா என்னை 'மாஷி', சித்தி, என்றுதான் கூப்பிடுவாள். இந்தியில் சொன்னாள்: "அவருக்குப் பிடிச்சதையே பேசுங்க, மாஷி." இங்கே வங்காளத்தில், சால்ட் லேக் ஃபேக்டரியில் இருபது வருஷம் டி.வி. பெட்டிக்கு டிசைன் போட்டவருக்கு வேறு என்ன பிடிக்கும்?

பிப்ரவரி 12

நாலு ஒல்லிக் கால் வைத்த அந்தப் பழைய மாடலைப் பற்றிப் பேசினேன். "கீழே தரை தெரியணும் சுலோசனா, அப்பதான் பெட்டி பாரமாத் தெரியாது" என்பார். அவர் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 15

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19

இன்று கத்திவிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கி — "ஏதாவது சொல்லுங்களேன்! திட்டவாவது செய்யுங்களேன்!" அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் மனுஷிதானா? குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இனிமே பேச்சு வரவே வராதா? இப்படியே இருந்துடுவாரா?

பிப்ரவரி 20

பிடித்ததைச் சொல்லிப் பலனில்லை. பிடிக்காததைச் சொன்னால்? திரையை மூட மரக் கதவு, அதான் ஷட்டர் வைத்த டி.வி. என்றாலே எரிந்து விழுவார். "இழுத்துச் சாத்தி வைக்க இதென்ன பூஜை அலமாரியா?" மாடி வீட்டு வங்காளி அண்ணி, மித்ரா பௌதியிடம் அப்படி ஒன்று ஓடாமல் கிடக்கிறது.

பிப்ரவரி 22, சனி

பௌதியின் கணவரும் டிரைவரும் தூக்கிவந்து கட்டிலுக்கு எதிரே வைத்தார்கள். ஷட்டரைத் திறந்து திறந்து மூடினேன். "எவ்வளவு அம்சமா இருக்கு! இந்தத் தங்கப் பட்டை ஒண்ணு போதாதா? நீங்க போட்டதெல்லாம் இதுகிட்ட நிக்குமா?" பாவி, வாய் கூசாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. உதடு கோணியது. மறுபடி வந்துவிட்டதோ என்று நடுங்கிப்போனேன்.

"பா... பாஜே."

வங்காளத்தில் 'மட்டம்'. ஃபேக்டரியில் தச்சர்களிடம் தினமும் சொன்ன வார்த்தை.

மார்ச் 30

வங்காளம் மட்டும்தான் வருகிறது. ஒரு நாளைக்கு நாலு சொல், ஐந்து சொல். தமிழ் இல்லை. என் பெயர் இல்லை. "திரும்புமா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாது, மாஷி" என்றாள் ரூபா. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் காய் வாங்கும் அளவுக்குத்தான் எனக்கு வங்காளம். என் வீட்டுக்காரரோடு பேச நான் எங்கே போவேன்?

ஜூன் 8, ஞாயிறு

தினமும் ஒரு மணி நேரம் பௌதியிடம் வங்காளம் படிக்கிறேன். இன்று மத்தியானம் தானே ஸ்பூனால் சாப்பிட்டு முடித்தார். வயிறு நிறைந்ததா என்று வங்காளத்தில் கேட்டேன். தலையாட்டினார். பிறகு என் முகத்தையே பார்த்தார்.

"துமி?"

நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்று சொல்ல எனக்குத்தான் வார்த்தை வரவில்லை.