வள்ளியாத்தாள் கரைத்த மோர்

கொமரலிங்கம்
4.4.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

பழனாத்தாள் எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகம்தானே? மாரியம்மன் நோம்பிக்குக் கட்டாயம் வருவேன் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். கோயிலுக்கு நீங்கள் கொடுத்த பித்தளை அண்டா மட்டும் வேனில் வந்து இறங்கியது. அம்மா பெயர் வெட்டியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி விஷயம். புதன்கிழமை காலை கோயிலில் மோர் குடித்தவர்களில் நாற்பது பேருக்கு மேல் அரை மணி நேரத்துக்குள் வாந்தி. பாதிப் பேர் நோம்பிக்கு லீவு போட்டு வந்த பனியன் கம்பெனிப் பிள்ளைகள். உயிருக்கு ஆபத்தில்லை. மோர் கரைத்தது பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வள்ளியாத்தாள். “அவ கை சுத்தமில்லீங்க” என்று ஊரே சொல்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் சுப்பண்ணன் அவளை இனிமேல் சமைக்க வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். நான் சுகாதார நர்ஸ் என்பதால், வீடு வீடாக விசாரித்து அறிக்கை கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மோர் ஊற்றி வைத்த அந்த அண்டாவுக்கு உள்ளே ஈயம் பூசித்தானே அனுப்பினீர்கள்?

அன்புத் தங்கை,
பழனாத்தாள்

அனுப்பர்பாளையம்
8.4.2003

அன்பு அம்மிணிக்கு,

அண்ணன் கன்னையனின் ஆசீர்வாதம். முப்பது வருஷமாகப் பாத்திரம் அடிக்கிறவனிடம் ஈயம் பூசினாயா என்று கேட்கிறாய். உன்னை நர்ஸுக்குப் படிக்க வைத்ததற்கு எனக்கு இது வேண்டும்தான்.

அண்டாவில் குறை என்று நீ எழுதினால், அம்மா பெயர் அல்லவா கெடும்? என் தொழில் என்ன ஆகும்? ஊர் சொல்வதையே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார். வள்ளியாத்தாளுக்கு வேறு வேலையா கிடைக்காது? இங்கே அனுப்பிவை. பனியன் கம்பெனியில் பீஸ் மடிக்க ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

பிரியங்கா என்ன செய்கிறாள்? இந்த மாமனைக் கேட்கிறாளா?

கன்னையன்

கொமரலிங்கம்
11.4.2003

அன்புள்ள அண்ணா,

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மற்றதெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு வீடு விடாமல் போய்வந்தேன். ஆத்தப்பன் வாந்தியெடுத்துப் படுத்துக் கிடந்தார். அவர் சம்சாரம் தெம்பாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீ மோர் குடிக்கவில்லையா என்றேன். “குடிச்சனுங்க நர்சம்மா. அண்டாக்கிட்டக் கூட்டமுங்க. நானு மண்பானையில மோந்து குடிச்சனுங்க” என்றாள். அதன்பிறகு எல்லா வீட்டிலும் அதையே கேட்டேன். மண்பானையில் குடித்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாந்தியெடுத்த அத்தனை பேரும் அண்டாவில் குடித்தவர்கள்தான். வாயில் காசைப் போட்டுச் சப்பியது போல இருந்தது என்கிறார்கள்.

வள்ளியாத்தாள் முதல் நாள் சாயங்காலமே ஒரே தயிரைக் கரைத்து இரண்டிலும் ஊற்றி வைத்திருக்கிறாள். புளித்த மோர் ராத்திரி முழுக்க வெறும் பித்தளையில் நின்றால் களிம்பு ஏறி விஷமாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

நேற்று அவள் என் வாசலில் வந்து நின்றாள். “கையக் கழுவிட்டுத்தானுங்க கரைச்சேன்” என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரக் கடைசிவரை அறிக்கையை அனுப்பாமல் வைத்திருப்பேன். நீங்களாகச் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. சொல்லாவிட்டாலும் அண்டாதான் காரணம் என்று எழுதுவேன். அதற்காக நீங்கள் என்னோடு பேசாமல் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது அண்ணா. ஆனாலும் எழுதுவேன்.

பிரியங்கா பரீட்சைக்குப் படிக்கிறாள்.

பழனாத்தாள்

அனுப்பர்பாளையம்
15.4.2003

அம்மிணி,

உள்ளே தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அறிக்கையோடு சேர்த்துவிடு. ஈயம் பூசுகிற கந்தப்பன் அந்த வாரம் வரவில்லை. நோம்பி நெருங்கிவிட்டது. கோயிலில் தண்ணீர்தானே ஊற்றிவைப்பார்கள் என்று பூசாமலே வேனில் ஏற்றிவிட்டேன். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நேற்று சுப்பண்ணன் குடம் வாங்கப் பட்டறைக்கு வந்தார். “உங்க தங்கச்சி மகளுக்குத்தானுங்க ரொம்ப முடியாமப் போச்சு. ரெண்டு நாளு உடுமலை ஆஸ்பத்திரியில வெச்சுக் குளுக்கோஸ் ஏத்துனாங்க” என்றார். அவருக்குக் குடம் எடுத்துக் கொடுக்கவும் மறந்து பட்டறையைச் சாத்திவிட்டேன்.

இரண்டு கடிதம் எழுதினாய், இதை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே ஒப்புக்கொண்டு ஓடி வந்திருப்பேன். மருமகளுக்காக இல்லாமல், வள்ளியாத்தாளுக்காக நான் உண்மையைச் சொல்வேனா என்று நீ காத்திருந்திருக்கிறாய். நான் சொல்லவில்லை அம்மிணி. இந்தக் கையெழுத்தும் பிரியங்கா சேதி தெரிந்த பிறகு போட்டதுதான். அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ பதில் போட்டதும் புறப்பட்டு வருகிறேன். முதலில் வள்ளியாத்தாள் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் உன் வீட்டுப் படி ஏறுவேன். அவள் வீடு எங்கே இருக்கிறது என்று எழுது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குத் தெரியவில்லை.

கன்னையன்