மூத்தவளுக்குக் காத்துப் பிடித்தது

எனக்கும் அந்த வண்டிக்கும் சேர்த்தே அப்பாவாக இருந்த என் அப்பாவுக்கு,

உங்கள் மூத்தவள் ஓடுகிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கே போய்விட்டு வந்தாலும் நீங்கள் முதலில் கேட்பது அதைத்தானே? "சின்னவ எங்கே?" என்ற கேள்வி கைகால் கழுவிய பிறகுதான் வரும்.

உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராததை இப்படி நாலு பேர் படிக்க எழுதுகிறேன். எனக்கு அவளைப் பிடிக்காது, அப்பா.

வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருந்தவள் நான். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அந்தப் பச்சை வேனை வாங்கித் தாராவிக்குள் ஓட்டி வந்தீர்கள். பெட்ரோல் கூப்பனுக்கு எல்லோரும் அலைந்த காலத்தில் டீசலில் ஓடுகிற வண்டி. சந்தே கூடி நின்று பார்த்தது. "இனி இவதான் எம் மூத்த மக. வீட்டுக்குச் சம்பாதிச்சுப் போடுதவதான் மூத்தவ" என்று சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் சின்னவளானேன்.

அவளுக்கு வராத நோய் உண்டா? சயானுக்குப் போகிற வழியில் பட்டை ஸ்பிரிங் உடைந்த மாதம், என் பரீட்சைக் கட்டணத்துக்குத் தவணை கேட்கச் சொல்லி என்னைக் கல்லூரிக்கு அனுப்பினீர்கள். கியர் பெட்டி அரைத்தது. என் மூக்குக் கண்ணாடி தீபாவளிக்குத் தள்ளிப்போனது. டீசல் பீய்ச்சுகிற நாசில் அடைத்துக் கரும்புகை கக்கியபோது, நாசில்களைக் கழற்றிக் கழுவி என் படிப்பு மேஜையில் காயவைத்தீர்கள். குளிர்காலத்துக் காலைகளில் அவள் கிளம்ப மாட்டாள் என்று என் போர்வையைக் கொண்டுபோய் அவள் மூக்கில் போர்த்தினீர்களே, அந்தப் போர்வையில் இன்னமும் டீசல் நாற்றம் போகவில்லை.

பி.ஏ. தேறிய செய்தியோடு மாட்டுங்காவிலிருந்து ஓடி வந்தேன். நம் வம்சத்தில் முதல் பட்டம். நீங்கள் வண்டிக்கு அடியில் கிடந்தீர்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "அப்பா, பாஸாயிட்டேன்" என்று அந்தப் பாதங்களிடம் சொன்னேன்.

"ரொம்ப நல்லது தாயி. அந்தச் சின்ன ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தேன். சரியான ஸ்பேனர்தான். அது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. பிடிக்காதவளை எவ்வளவு கவனமாகப் பார்ப்போம் என்று உங்களுக்குத் தெரியாது. ஜன்னலோரம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் படித்ததெல்லாம் அவளைத்தான்.

பிறகு மழை தொடங்கியது. உங்கள் இழுப்பும் கூடியது. அதற்கு மேல் உங்களுக்கே தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், டிரைவர் இசக்கி அண்ணன் வண்டியை எடுத்தார். இரண்டு மூச்சு இழுத்துவிட்டு நின்றுபோனது. மறுபடியும் இரண்டு மூச்சு. அம்மா வாசலுக்கு வந்தாள்.

"என்னய்யா செய்யுது?"

"காத்துப் புடிச்சிருக்கு மதினி."

டீசல் வண்டிக்காரர்கள் பேச்சில் இதற்கு ஓர் அர்த்தம்தான்: எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகுந்து எண்ணெயை வழிமறிக்கிறது. அம்மா பேச்சிலும் ஓர் அர்த்தம்தான்: ஆவி புகுந்திருக்கிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவியதான். மூச்சு வாங்குதது கேக்கலையா உனக்கு? அப்படியே அவிய இழுப்பு."

"மதினி, இது அந்தக் காத்து இல்ல. குழாய்க் காத்து."

"எந்தக் காத்தா இருந்தா என்ன? எம் புருசனைத் திருப்புளி வச்சுத் திருகவா போற நீ?"

அன்று முதல் வண்டியை யாரும் தொடக்கூடாது. காலையில் உங்கள் தம்ளரில் கருப்பட்டிக் காப்பி, வண்டியின் மூக்கின்மேல். சந்துப் பெண்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். குர்லாவிலிருந்து வந்த மிஸ்திரி எட்ட நின்று பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று ஒரு விலை சொன்னார். அதற்குப் பாதி வண்டியே வாங்கலாம். பழைய இரும்பு எடுக்கிறவர் இரண்டு முறை வந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். காற்று எது, ஆவி எது என்று தெரியாதவளா நான்? ஆனாலும் கோட்டைப் பக்கத்து ஆபீசில் புதிதாகச் சேர்ந்த டைப் அடிக்கிற வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தத் தம்ளரைக் கண்டால் வயிறு எரிந்தது. போன பிறகும் அவளிடம்தானா போனீர்கள்? என் கனவில் ஒரு நாள் தலைகாட்டினால் குறைந்தா போவீர்கள்?

ஒரு சனிக்கிழமை இசக்கி அண்ணன் வந்தார். "தங்கச்சி, திங்கக்கிழமை வண்டி வரலைன்னா தோல் லோடை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்னு சேட் சொல்லிட்டாரு. லோடு போச்சுன்னா வண்டி இரும்புக் கடைக்குத்தான். நீயாவது மதினிகிட்டச் சொல்லேன்."

இரும்புக் கடை. அந்தச் சொல்லைக் கேட்க எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்! கேட்டபோது இனிக்கவில்லை.

"நான் தொட்டுப் பாக்கேன்மா" என்றேன்.

"நீயா?"

"நான் அவிய மக. எனக்கும் உரிமை கிடையாதா?"

அம்மா போய் வண்டியின் மூக்கின்மேல் இருந்த தம்ளரை எடுத்தாள். "நோகாமச் செய்யிட்டி."

ஞாயிறு காலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். சந்தே பார்த்தது. பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தேன். நுரை நுரையாக வந்து, தெளிந்த எண்ணெய் வந்ததும் திருகை இறுக்கினேன். இசக்கி அண்ணன் கிளப்பினார். ஓடியது. நின்றது.

"பாத்தியா, திரும்பி வந்துட்டாவ" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

அப்போதுதான் நீங்கள் ஒரு முறை இசக்கி அண்ணனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. "உள்ள இழுக்குத ஓட்டை வெளிய ஒழுகாதுலே." நானும் அவரும் ஈரமான இடத்தையே தேடிக்கொண்டிருந்தோம். காய்ந்து கிடந்த மூட்டுகளைத் தேடினேன். டாங்கியிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் ஒரு செம்பு வாஷர், தேய்ந்து காகிதமாக இருந்தது. அத்தனை வருஷம் வெளியே தெரியாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு அது புரியாதா, அப்பா?

புது வாஷர் இரண்டணா. போட்டேன். மறுபடியும் காற்றை எடுத்தேன். கடைசிக் குமிழி 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு உடைந்தது. வண்டி கிளம்பியது. நிற்கவில்லை.

அம்மா பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "போயிட்டாவளா?"

வாஷரைக் காட்டி விளக்கியிருக்கலாம். என் கைகளைப் பார்த்தேன். நகக்கண் வரை உங்கள் கறுப்பு.

"போகலம்மா. எங்கிட்ட வந்துட்டாவ."

அம்மாவைத் தேற்றச் சொன்னதாக எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. மூத்தவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் வண்டி சேட்டின் கிடங்குக்குப் போனது. அதற்கு முன்பே, உங்கள் தம்ளர் என் முன்னால் வந்தது. சுக்கு தூக்கலாகப் போட்ட கருப்பட்டிக் காப்பி. எனக்கு ஆகவே ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்.

"ஆறிப்போகுது, குடிங்க" என்றாள் அம்மா.

ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அவளைப் பார்த்துக்கொள்வேன், அப்பா. காலாகாலத்தில் எண்ணெய் மாற்றுவேன். இரும்புக் கடைக்கு விட மாட்டேன். மார்கழியில் என் போர்வையையும் தருவேன். ஆனால் அவள் சும்மா நின்ற நாளெல்லாம் இந்த வீட்டில் அடுப்பெரிந்தது என் சம்பளத்தில். சட்டம் நீங்கள் போட்டதுதான்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்
செண்பகம்