விறகடுக்கில் இருந்தவை

இஞ்சருங்கோ,

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். 'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன், வங்கிக்கு எழுதுவது போல இருந்தது. அதனால் பழைய மாதிரியே கூப்பிடுகிறேன். எங்கே நின்றாலும் இந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள்தானே?

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. சித்திரை வருஷப் பிறப்பும் வந்து போய்விட்டது. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகாததால் எங்களுக்குக் கொண்டாட்டம் இல்லை. ஆனால் கொண்டாடியவர்களும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போனார்கள். கறிவேப்பிலைச் சட்டி இன்னும் குசினி யன்னலடியில் கிடக்கிறது. தக்காளிக் கன்றுகள் வெயிலைத் தேடித் தேடி நூலாய் வளர்ந்து சாய்ந்துவிட்டன. ரூஜ் ஆற்றங்கரையில் ஒரு மரமும் துளிர்க்கவில்லை. போன வியாழக்கிழமை வரை உங்கள் வண்ணாத்திப்பூச்சியும் வரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அவர்தான் அக்கா வண்ணாத்திப்பூச்சியாய் வருவார்' என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் பறக்கிற ஆளா? ஈரச் சப்பாத்தோடு குசினிக்குள் வந்து, நான் பேசப் பேச நின்று தேத்தண்ணீர் குடிக்கிற ஆள். நான் பூச்சி தேடியது உங்களுக்காக இல்லை. உங்கள் தம்பி குகனை நினைத்துத்தான் எனக்கு நித்திரை இல்லை.

இதைப் பேப்பரில் வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள், நான், குகன் மூன்று பேரும் பார்க்டேலில் ஓரறை வீட்டில் இருந்த காலம். பங்குனி மாதம் உங்களுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பூங்காவுக்கு நடக்கப் போனவர் மூச்சிரைக்க ஓடி வந்தீர்கள். "விண்டர் முடிஞ்சுதப்பா! வண்ணாத்திப்பூச்சி கண்டனான்!" நானும் அதை நம்பி எல்லாருடைய கோட்டையும் தோய்த்துப் போட்டேன். அடுத்த நாள் விடிய முழங்கால் அளவு பனி. குகன் ஈரக் கோட்டோடு வேலைக்குப் போனதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்தோம்!

அதன் பிறகும் நீங்கள் திருந்தவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதல் பூச்சியைத் தேடிப் போனீர்கள். அரக்குச் சீலைக்கு மஞ்சள் கரை பிடித்த மாதிரி இருக்கும் அதற்குக் 'கரைச்சீலைக்காரி' என்று பெயரும் வைத்தீர்கள். "கரைச்சீலைக்காரி இண்டைக்கு வந்திட்டாள்" என்று நீங்கள் போனில் சத்தமாகச் சொல்ல, பக்கத்து வீட்டு அன்ரி என்னைப் பாவமாகப் பார்த்ததும் நடந்தது.

ரூஜில் வீடு வாங்கியதும் பின்வளவில், சாமான் வைக்கிற செட்டுக்குப் பின்னால், பட்டை கழன்ற பழைய விறகைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைத்தீர்கள். விறகு எரிக்கிற அடுப்பே எங்களிடம் இல்லை. ஏன் இந்தக் குப்பை என்று கேட்டால், "கிடக்கட்டும்" என்பீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லியிருக்கக் கூடாதா? உங்கள் வாயிலிருந்து என்ன முத்தா கொட்டியிருக்கும்?

ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். காலையில் சாப்பிட்டீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் இல்லை. நெஞ்சுவருத்தம் என்றார்கள். நொந்ததா? யாரைக் கேட்பது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்கு முதல் வீடு வளவு துப்புரவாக்க வேண்டுமே. வீட்டைப் பெண்கள் நாங்கள் கழுவினோம். வளவைக் குகன் பொறுப்பெடுத்தான். ஊரில் துக்கம் நடந்த வீட்டு முற்றத்தை மண் தெரியக் கூட்டுவார்கள், அவனுக்கு அதுதான் தெரியும். வேலிக்கரைச் சருகைக்கூட விடாமல் வாரிக் கடதாசிப் பைகளில் கட்டி றோட்டோரம் வைத்தான். சிநேகிதனுடைய ட்ரக்கைக் கொண்டுவந்து விறகு முழுவதையும் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினான். அண்ணாவுக்குச் செய்கிற கடைசி வேலை என்று, யாரையும் கை வைக்க விடவில்லை. வந்த சனமெல்லாம், "வளவை எவ்வளவு வடிவாய் வைச்சிருக்கிறியள்" என்றது. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு பனி மூடிவிட்டது. பங்குனியில், மாதாமாதம் படைக்கிற மாசியத்துக்கு எங்கள் மகள் அபி ஒட்டாவாவிலிருந்து வந்தாள். குகனும் வந்தான். அவன் ஒரு மாசியமும் தவறவிடவில்லை. கல்யாணம் கட்டாத மனிதன், பிக்கரிங்கில் யாரோ வீட்டு பேஸ்மென்றில் தனியாக இருக்கிறான். எங்கள் வீட்டை விட்டால் அவனுக்கு வேறு வீடு ஏது? அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அபி யன்னலால் பின்வளவைப் பார்த்துக் கேட்டாள்.

"சித்தப்பா, அப்பாட அந்த வுட் பைல் எங்க? அதுக்குள்ளதானே பட்டர்ஃபிளைஸ் விண்டர் ஃபுல்லா இருக்கும்."

"என்ன பிள்ளை?"

"ஓம், அந்த டார்க் கலர் ஒண்டு. அது விண்டருக்குச் சாகாது. பட்டைக்குக் கீழ செட்டையை மடிச்சுக்கொண்டு ஒளிச்சிருக்கும். அப்பா எனக்கு லைட் அடிச்சுக் காட்டினவர். ஃப்ரிஜ்ஜுக்குள்ள வைச்ச மாதிரி இருக்குதுகள், தொடாத எண்டு சொன்னவர்."

பிள்ளை தெரியாமல் சொன்னாள். குகன் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடி இருந்தான். "அப்ப நான் உயிரோடயெல்லோ ஏத்தி விட்டிட்டன்," என்றான். பிறகு ஒரு கவளமும் இறங்கவில்லை. எழுந்து போய்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்றும் சொல்லாமல் போனான்.

அதன் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை. நான் போன் எடுத்தால், "வேலை, அண்ணி" என்பான். ஒருநாள் அவன் அப்படிச் சொல்லும்போது பின்னால் காகம் கத்தியது, தண்ணீர் ஓடுகிற சத்தமும் கேட்டது. சாமான் அடுக்குகிற வேர்ஹவுசுக்குள் எந்த ஆறு ஓடுகிறது? நான் காரை எடுத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாக நடக்கப் போகிற இடத்துக்குப் போனேன். அவனுடைய வான் அங்கே நின்றது. கொஞ்ச நேரத்தில் அவனும் பள்ளத்திலிருந்து ஏறி வந்தான், முகம் வெளிறி, சொண்டு நீலம் பாரித்து.

"இஞ்சை என்ன செய்யிறீர்?"

"சும்மா நடக்கிறன். டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"இந்தக் காத்துக்குள்ளயோ நடக்கச் சொன்னவர்?"

அவன் சப்பாத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டே நின்றான். "அந்தப் பூச்சி ஒண்டையாவது காணவேணும், அண்ணி. ஒண்டைக் கண்டால் காணும், வேறொண்டும் வேண்டாம்."

"காணாட்டி?"

அவன் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான். அந்தக் கேள்விதான் இத்தனை நாளும் என்னைத் தின்றது. அவனுக்கு நெஞ்சு அடைப்புக்கு ஸ்ரென்ற் வைத்தபோது கட்டிலடியில் இருந்தது நீங்கள்தானே. குளிர்காற்றில் மேடு ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் நீங்கள். உங்கள் குடும்பத்து நெஞ்சை நம்பி நான் எப்படி இருப்பேன்? ஒரு காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் என்ன நடக்கும் என்று பார்த்தவள் நான்.

அன்றிலிருந்து நானும் தேடத் தொடங்கினேன். என்னைக் கண்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். கடை வாசலில் நின்று மதிலைப் பார்க்கிறேன். பூச்சி மரப்பால் குடிக்க வருமாம் என்று, கிளை முறிந்து பால் வடிகிற மேப்பிள் மரம் கண்டால் காரை நிறுத்துகிறேன். விடிந்ததும் போனில் வெப்பநிலை பார்க்கிறேன். பார்த்துவிட்டு, வெயில் வந்தாலும் பயப்படுகிறேன், வராவிட்டாலும் பயப்படுகிறேன். வெயில் என்றால் அவன் போவான். மூட்டம் என்றாலும் அவன் போவான். பூச்சி வந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லலாமே என்றும் நினைத்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, குரல் ஏறிவிடும். குகனுக்கு அது தெரியும்.

போன வியாழக்கிழமை காலையில் நல்ல வெயில். முதல் நாள் விழுந்த பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குகனுக்குப் போன் எடுத்தேன், பதில் இல்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு எடுத்தேன், பதில் இல்லை. அடுப்பை நிறுத்திவிட்டு வெளிக்கிட்டேன்.

வான் நின்றது. எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. கண்ணாடியால் உள்ளே பார்த்தால் போன் முன்சீற்றில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், நெஞ்சு நொந்தால் நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிறே. அதை ஒருநாளும் சட்டைப்பையை விட்டு எடுக்க வேண்டாம் என்று நீங்கள் அவனுக்கு எத்தனை தரம் சொன்னீர்கள்?

நான் அந்தப் பாதையில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சேறு, பனி, வேர். "குகன்! குகன்!" என்று கத்தினேன். நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண் என்ன என்று கேட்க, எனக்கு இங்கிலிஷில் ஒரு சொல்லும் வரவில்லை. கையைத்தான் நெஞ்சில் வைத்துக் காட்டினேன். அவளும் பயந்து ஆற்றங்கரைப் பக்கம் கையைக் காட்டினாள்.

வெயில் படுகிற சரிவில் ஒரு பேர்ச் மரம். அதற்கு எதிரே, விழுந்து கிடந்த மரமொன்றில் முதுகைச் சாய்த்துக் கால்களை நீட்டியபடி குகன். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது, அசைவில்லை. அந்தக் கொஞ்சத் தூரத்தில் நான் உங்களை எவ்வளவு ஏசினேன் தெரியுமா? இரண்டு பேரையும் கொண்டுபோகவா பார்க்கிறீர்கள் என்று ஏசினேன். கிட்டப் போய்த் தோளைப் பிடித்தேன்.

"ஷ்," என்றான். "சத்தம் போடாதேங்கோ, அண்ணி. பறந்திடும்."

அப்போதுதான் பார்த்தேன். பேர்ச் மரத்தில் பால் வடிந்த இடத்தில் அது இருந்தது. அரக்கு, ஓரத்தில் மஞ்சள், அதற்கு உள்ளே நீலப் பொட்டுகள். ஒரு செட்டை கொஞ்சம் கிழிந்திருந்தது. செட்டையை விரித்து வெயிலுக்குக் காட்டுவதும் மடிப்பதுமாக இருந்தது. இத்தனை வருஷமும் நீங்கள் வா வா என்று கூப்பிட்டும் நான் வந்து பார்க்காத சீலைக்காரி.

அவன் பக்கத்தில் சேற்றிலேயே இருந்துவிட்டேன். குகன் அழுதுகொண்டிருந்தான். கண்டால் சந்தோஷப்படுவான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

"இது அண்ணாட விறகில இருந்ததில்லை, அண்ணி."

அந்த விறகில் இருந்ததுதான் என்று சொல்லக் கூடாதா, தப்பி வந்திருக்கும் என்று சொல்லக் கூடாதா என்று மனம் சொல்லியது. நீங்கள் என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். எனக்கு வரவில்லை.

"இல்லை," என்றேன். "இது வேற ஆரோ கிடக்கட்டும் எண்டு விட்ட விறகில இருந்தது."

"எல்லாத்தையும் நான்தான்..."

"அதுகள் போயிட்டுதுகள், குகன். அவரும் போயிட்டார். நீர் இருக்கிறீர். எழும்பும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் தோளில் கை ஊன்றி எழும்பினான், நான் அவன் கையைப் பிடித்து எழும்பினேன். வானடிக்குப் போய் ஸ்பிறேயை எடுத்து அவன் சட்டைப்பையில் வைத்து நானே பொத்தானைப் பூட்டும்வரை பிடித்த கையை விடவில்லை. அந்தப் பூச்சி எப்போது பறந்தது என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாதாம்.

வீட்டுக்கு வந்து பாதி வெந்த சோற்றை மறுபடி வேகவைத்தேன். குழைந்துபோய்விட்டது. அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், ரசம் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னான். இதையெல்லாம் பேப்பருக்கு எழுதட்டா என்று கேட்டேன். "எழுதுங்கோ, ஆனா நான் அழுதது வேண்டாம்" என்றான். எழுதிவிட்டேன். வாசித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரட்டும், அந்தச் சாட்டிலாவது வருவான்.

பயம் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். இன்றைக்கும் காலையில் அவனுக்குப் போன் எடுத்து, மூன்றாவது மணி அடிக்க அவன் பதில் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி இது இப்படித்தான் போலிருக்கிறது. இருக்கட்டும். உங்களை எனக்குத் தேடிப் போக நேரம் கிடைக்கவில்லை. அவனைத் தேடிப் போகக் கிடைத்தது. உங்கள் தம்பி போனுக்குப் பதில் சொல்லாத நாளில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். இது என் வாக்கு.

குகனின் அண்ணி,
தேவி