இந்தியர் தொகுதி வரிசை

லம்பாசா, ஃபிஜி, ஆகஸ்ட் 2014

என் அன்பானவளே,

குழப்பாமல் எழுத மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

1. புதிய வாக்காளர் பட்டியல்.
2. தொண்ணூற்று நான்கில் நான் செய்தது சரிதான்.
3. நான் நலம்.

இனவாரித் தொகுதிகள் போய்விட்டன. நம் இருவர் பெயரும் இப்போது ஒரே பட்டியலில் இருக்கின்றன, ஒரே பள்ளிக்கூடத்தில் ஓட்டு. விரல் வைத்து இரண்டு முறை பார்த்தேன்.

தொண்ணூற்று நான்கில் தேர்தல் வேலைக்காக நான் வாக்குச்சாவடி மேசையில் இருந்தேன். நீ பக்கத்து வீட்டு ராம்ரத்தியோடு பேசிக்கொண்டே இந்தியர் தொகுதி வரிசையில் வந்து நின்றாய். உன் அப்பா சீனர் என்பதால் உன் பெயர், இந்தியரோ ஃபிஜியரோ அல்லாதவர்களுக்கான பொதுத் தொகுதியில் இருந்தது.

"மேடம், உங்க வரிசை அந்தப் பக்கம்" என்றேன்.

"இருபது வருஷமா உங்க வீட்டுல ரொட்டி தேய்க்கிறேன் மாஸ்டர், இன்னும் நான் அந்தப் பக்கமா?" என்றாய். வரிசையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

நம் மகளைப் பார்க்க ஆக்லாந்துக்கு இரண்டு மாதம் என்று போனாய். பத்து மாதமாகிறது. நேற்று ராம்ரத்தி வேலியருகே நின்று, "ஓட்டுப் போடவாவது அக்கா வருவாங்களா மாஸ்டர்ஜி? இல்ல, நீங்கதான் மறுபடியும் அந்தப் பக்கம் அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். தேர்தல் செப்டம்பர் பதினேழு. வருவாயா?

பருப்பு தினமும் அடிப்பிடிக்கிறது. மற்றபடி நலம்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது விஷயம் தவறு. விதிப்படி உன்னை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் மேசையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, அந்த வரிசைவரை உன்னோடு நடந்து வந்திருக்கலாம்.

உன்
மாஸ்டர்