கனிசியஸ் அண்ணையின்ரை கமெரா

சேசு மரி சூசை துணை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
12.10.2025

அன்பு மகன் ஜெயசுதனுக்கு,

அம்மா எழுதுறன். ஆண்டவர் கிருபையாலை இஞ்சை நான் எழும்பி நடமாடித் திரியிறன், அங்கை நீயும் தர்சிகாவும் என்ரை பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுறன். பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுறன். மழை துவங்கீட்டுது, குசினிக்கூரை போன வரியம் ஒழுகின இடத்திலையே இப்பவும் ஒழுகுது, சட்டி வைச்சிருக்கிறன். அங்கை குளிர் காலம் வருது, பேத்திக்குக் காதை மூடிக் கட்டுங்கோ. சுகச் செய்தி இவ்வளவும்தான், மிச்சம் எழுதக் கை கூசுது, எண்டாலும் எழுதத்தான் வேணும்.

போன மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிஞ்சு வரேக்கை கனிசியஸ் அண்ணையின்ரை மகள் றொசாந்தி என்னைத் தெருவிலை மறிச்சுப் போனைக் காட்டினாள். நீ ஒரு மண்டபத்திலை கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிறாய், கையிலை அந்தக் கமெரா. மேலை ஒரு கண், கீழை ஒரு கண், மடிச்சால் தடிச்ச செபப்புத்தகம் அளவு வாற அதே ஜேர்மன் கமெரா. பழைய கமெரா சேக்கிற ஆக்களின்ரை கூட்டமாம், உன்ரையைத்தான் எல்லாரும் சுத்தி நிண்டு பாத்ததாம். கீழை நீ எழுதியிருக்கிறாய், இது யாழ்ப்பாணத்திலை படம் பிடிக்கிறவராய் இருந்த என்ரை அப்பப்பாவின்ரை கமெரா, எங்கடை பரம்பரைச் சொத்து எண்டு. மாமி, இது எங்கடை அப்பான்ரை எல்லோ எண்டு அவள் மெதுவாத்தான் கேட்டாள். மகன், உன்ரை அப்பப்பா சாகுமட்டும் கிழிஞ்ச வலை பொத்தின மனுசன், கமெராவுக்கு முன்னாலை நிக்கவே வெக்கப்பட்டவர். அந்தக் கமெரா காங்கேசன்துறையிலை வேலை செய்த ஒரு ஜேர்மன்காரர் ஊருக்குப் போகேக்கை கனிசியஸ் அண்ணையின்ரை தகப்பனுக்குக் குடுத்தது. அதாலைதான் அண்ணை இந்தப் பங்குக் கோயிலிலை எத்தினையோ பிள்ளையளின்ரை முதல் நன்மைப் படம் எடுத்தவர். உன்ரை அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் விட்ட பிறகு சுவரிலை மாட்ட எனக்கு இருந்த ஒரே படமும் அதிலை எடுத்ததுதான். அதைப் பாத்துத்தானே நீ தகப்பன்ரை முகத்தைப் பழகினனி.

தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வு உனக்கு மறந்திருக்காது, அப்ப உனக்கு அஞ்சு வயது. அண்ணை பாரிசவாதம் வந்த தாயைச் சைக்கிள் கரியரிலை இருத்திக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தவர், ஒரு துணி வைக்கவும் இடமில்லை. ராணி, இது மடிச்சால் சின்னன், உன்ரை பைக்குள்ளை வை, பிறகு வாங்கிறன் எண்டார். நான் என்ரை கலியாணக் கூறைச்சீலையை எடுத்துக் கட்டிலிலை போட்டிட்டு அந்த இடத்திலை கமெராவை வைச்சன். நாவற்குழிப் பாலத்தடியிலை சன நெரிசலுக்கை ஒரு கையிலை நீ, மற்றக் கையிலை அந்தப் பை. அண்ணை வன்னிக்குப் போய் அங்கையிருந்து இந்தியாவுக்கு அகதியாப் போயிட்டார். நான் திரும்பி வந்து இருவது வரியம் அதை அலுமாரிக்கை வைச்சுத் துடைச்சன். நீ லீவிலை வந்து, ஷட்டர் இறுகிப்போச்சு, ஜேர்மனியிலைதான் திருத்தலாம், திருத்திக் கொண்டுவாறன் எண்டு கேட்டனி. அது எங்கடை இல்லையெண்டு சொல்லித்தான் தந்தனான். தந்தது என்ரை பிழை, அதை நான் ஒருத்தரிலும் போடேல்லை. 2019இலை அண்ணை இந்தியாவிலை இருந்த அகதி முகாமிலையிருந்து திரும்பி வந்த முதல் நாளே படலையடியிலை நிண்டு கேட்டார். மகன் திருத்தக் கொண்டுபோனவன், நத்தார்ப் பண்டிகைக்குக் கொண்டுவருவான் எண்டன். உனக்குப் போன் எடுத்தால், ஒரு சாமான் வரவேணும், திருத்திறவர் லீவிலை எண்டு சொல்லுவாய், அதை அப்படியே கொண்டுபோய் அவருக்குச் சொல்லுவன். ஆறு நத்தார் சொன்னன். அவர் ஒருக்காலும் சந்தேகப்படேல்லை, ஞாயிறு பூசை முடிய வந்து தேத்தண்ணி குடிச்சு உன்ரை சுகத்தை விசாரிச்சிட்டுத்தான் போவார்.

றொசாந்தி காட்டின அண்டைக்கே அவர் வீட்டை போனன். அவரும் படத்தைப் பாத்திட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். எனக்குக் கமெரா வேண்டாம் ராணி, முகாமிலை இருவத்து மூண்டு வரியம் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், என்ரை சாமான் பத்திரமான கையிலை இருக்கெண்டு, எண்டார். அடுத்த ஞாயிறு தேத்தண்ணிக்கு வரேல்லை. இப்ப முழங்கால் நோவோடை மற்றத் தெருவாலை சுத்திக் கோயிலுக்குப் போறார். வெள்ளைக்காரருக்கு முன்னாலை சொல்ல உனக்கொரு பெரிய பரம்பரை தேவைப்பட்டிருக்கும். வலை பொத்தினவர் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போகும், அந்த வலையிலை வந்த மீனிலைதானே உன்ரை அப்பா வளந்தவர். பேத்தியின்ரை படம் பாக்கவெண்டு நீ போட்டுத் தந்த பேஸ்புக்கிலை, றொசாந்தி வேண்டாம் மாமி எண்டு மறிக்க மறிக்க, உன்ரை அந்தப் படத்துக்குக் கீழை நான் சொல்லச் சொல்ல அவளைக் கொண்டு எழுதுவிச்சன், இது குருநகர் கனிசியஸின்ரை கமெரா, திருத்தத் தந்தது, ஜெயசுதன்ரை தாய் எழுதுறன் எண்டு. ஒரு மணித்தியாலத்துக்குள்ளை அழிச்சுப்போட்டாய். என்னையும் புளொக் பண்ணிப்போட்டாய், பேத்தியின்ரை படமும் இப்ப வாறேல்லை. போனும் எடுக்கிறாயில்லை. அதுதான் கடுதாசியிலை எழுதுறன்.

இந்த நத்தாருக்குக் கமெராவோடை வா. பார்சலிலை அனுப்பாதை, தபால்காரன் கொண்டந்தால் நான் கையெழுத்து வைச்சு எடுக்கமாட்டன். உன்ரை கையாலை கனிசியஸ் அண்ணையின்ரை கையிலை குடு, வாங்கமாட்டன் எண்டால் வாங்குமட்டும் அவரின்ரை வாசலிலை நில்லு. பேத்திக்கும் உந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால், அவள் பள்ளிக்கூடத்திலை போய்ச் சொல்ல முதல் உண்மையைச் சொல்லு. உனக்காகச் சொல்லுற செபமாலையை நான் நிப்பாட்டேல்லை, மாதா உங்கள் மூண்டு பேரையும் கைவிடாமல் காக்கட்டும். வந்தால் சோறு போடுவன். அதுக்கு முதல் என்னோடை கதைக்க உனக்கு ஒண்டுமில்லை.

இப்படிக்கு,
உன்ரை அம்மா
சிமியோன் அற்புதராணி