பக்கத்துக் கட்டில் கொடுத்த லோடு

விருதுநகர் ஆஸ்பத்திரி,
வியாழக்கிழமை

அன்பு மகள் செல்வலட்சுமிக்கு,

அம்மா பேச்சியம்மாள் எழுதுவது. நான் சுகம். உன் அப்பாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அவர் வாய் மட்டும் நல்ல சுகம். போனில் பேசினால் அந்த வாய் குறுக்கே வந்து விழும் என்றுதான் இதை எழுதி, இன்று திருப்பூர் பஸ் ஏறும் உன் சிநேகிதி ஹர்ஷினியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சீசன் நேரம் என்று பட்டாசுக் கம்பெனியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெட்டி அடுக்கினார். உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்றார். முகம் வீங்கி இங்கே கொண்டுவந்தால், கிட்னி திடீரென்று மக்கர் பண்ணுகிறது, ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. மூத்திரத்தை அளக்க ஒரு கேன் கொடுத்தார்கள். அளவு கூடாவிட்டால் டயாலிசிஸ் என்றதும் மனிதர் ஆடிப்போனார்.

பக்கத்துக் கட்டிலில் மல்லாங்கிணற்று முனியராஜ். வெறும் காய்ச்சல், கிட்னிக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வந்ததில் இருந்து அப்பாவின் கேனும் நிறைய ஆரம்பித்தது. நான் பத்திரகாளியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். ஆனால் கேன் நிறைய நிறைய உப்பும் ஏறுகிறதே என்று டாக்டரம்மா மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

நேற்று முனியராஜ் காய்ச்சல் விட்டுத் தன் வீட்டுக்குப் போனார். கேன் காய்ந்துவிட்டது! நர்சு பொன்னுத்தங்கம் அதட்டிக் கேட்டதும் உண்மை வந்தது. கம்பெனியில் ஒருவருக்கு அன்றைய லோடில் பெட்டி குறைந்தால் பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதில் கொஞ்சம் தள்ளிவிடுவார் அல்லவா, அப்படி அப்பாவின் கேனில் தன்னுடையதைத் தள்ளியிருக்கிறார் அந்த முனியராஜ் மகராசன். "ஆளுக்கு ஆள் ஒத்தாசதான தாயி, இதுல என்ன களவு?" என்று நர்சிடமே கேட்கிறார் உன் அப்பா.

டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். திரும்பி வந்தபோது சிரிக்கவில்லை. "உங்க கிட்னி வேலைய அவுக கிட்னி பாக்க முடியாதுய்யா" என்றார்.

நாளைக்கு டயாலிசிஸ் தொடங்குகிறார்கள். கொஞ்ச நாள் செய்தால் கிட்னி தேறலாம் என்கிறார்கள். தேறும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தாயி. அவருக்கும்தான். காலியான அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

வேலையைப் போட்டுவிட்டு நீ வரவேண்டாம் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். நீ கிளம்பி வா.

வழி பார்த்திருக்கும் அம்மா,
பேச்சியம்மாள்